கதவு எதற்கு?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய யுத்தம் நடந்தது. நேயர்கள் பதற வேண்டாம். எனக்கும் என் சம்சாரத்துக்கும் நடந்த யுத்தம் அல்ல. அதற்குக் கூடம் போதாது. இது டெலிவிஷன் பெட்டிக்குள் நடந்த யுத்தம்.

நடத்தியவன் என் பேரன். வயது 19. காலேஜில் இரண்டாவது வருஷம் படிக்கிறான். லீவு நாள் என்றால் சாப்பிட்ட கை காய்வதற்குள் கண்ட்ரோலர் என்ற கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். அப்புறம் துப்பாக்கி வெடிக்கும், குண்டு விழும், கட்டடங்கள் இடியும். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நான் மட்டும் வாராவாரம் ஒரு சேதமும் இல்லாமல் தப்பித்து வருகிறேன்.

அன்றைக்கு அவன் திடீரென்று, "தாத்தா, பேவ் லோ வந்தாச்சு!" என்று கூவினான்.

அரைத் தூக்கத்தில் இருந்த எனக்கு அது ஏதோ பம்பாய்ப் பலகாரத்தின் பெயர் மாதிரி காதில் விழுந்தது. "வந்தாச்சா? ஒரு தட்டில் வைத்து இங்கே கொண்டு வா" என்றேன்.

"பலகாரம் இல்லை தாத்தா, ஹெலிகாப்டர்! செத்துப்போகாமல் ஒன்பது பேரைச் சுட்டால்தான் வரும்!"

ஒன்பது பேர் என்றதும் தூக்கம் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அம்மாடி! கூடத்துக்குள்ளேயே புகுந்துவிடும் போல ஒரு ராட்சத ஹெலிகாப்டர் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. உடம்பு ஒரு பெரிய பஸ் மாதிரி இருந்தது. அதிலிருந்து துப்பாக்கிகள் மழையாகப் பொழிந்தன. கீழே குட்டிக் குட்டி மனிதர்கள் ஓடினார்கள், விழுந்தார்கள். கொஞ்ச நேரம் சுற்றிச் சுட்டுவிட்டு அது தன் பாட்டுக்குப் போய்விட்டது.

பேரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எனக்குப் பாடம் நடத்தினான். ஆட்டத்தின் பெயர் 'கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2'. 2009-ஆம் வருஷம் நவம்பர் மாதம் வெளிவந்தது. அதே பெயரில் 2022-ல் புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம். ஆனால் அவனுக்குப் பழையதுதான் பிடிக்குமாம். (பழையதன் அருமை எங்கள் வீட்டில் ஒருவனுக்காவது தெரிகிறதே என்று எனக்குச் சந்தோஷம்.) பல பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடும்போது, ஒருவன் தான் சாகாமல் தொடர்ந்து எதிராளிகளைச் சுட்டுக்கொண்டே போனால் அவனுக்குப் பரிசுகள் கிடைக்கும். ஒன்பது பேரை எட்டினால் பேவ் லோ. அதை அவன் ஓட்ட வேண்டியதில்லை. அதுவே வரும், அதுவே சுடும். எதிரி ராக்கெட் விட்டால் நெருப்புப் பொறிகளைச் சிதறவிட்டு ஏமாற்றும். பிறகு அதுவே போய்விடும்.

இந்தப் பாடத்தை இன்னொரு மாணவியும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் பேத்தி, அவன் தங்கை. வயது 9. அண்ணன் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அண்ணா, அது எப்போ கீழே இறங்கும்?"

"இறங்காது."

"அப்போ யார் அதுலே ஏறுவாங்க?"

"யாரும் ஏற முடியாது. அது சுடும், போயிடும். அவ்வளவுதான்."

அவள் சிறிது யோசித்தாள். "அப்போ அதுக்குக் கதவு எதுக்கு?"

பேரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. "போய்ப் பாட்டியிடம் முறுக்கு வாங்கிக்கொண்டு வா" என்று சொல்லி அப்போதைக்குச் சமாளித்தேன். பெரியவர்கள் பதில் தெரியாதபோது சொல்லும் வழக்கமான பதில் அதுதானே?

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கதவு எதற்கு? ஒரு வாரம் புஸ்தகங்களைப் புரட்டினேன். கிடைத்த விஷயத்தைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

* * *

ஹெலிகாப்டர் என்றதும் ஸிகோர்ஸ்கி என்ற மனிதரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். இகோர் ஸிகோர்ஸ்கி 1889-ல் கீவ் நகரத்தில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியேறி, 1919-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1939 செப்டம்பர் 14-ஆம் தேதி தம்முடைய ஹெலிகாப்டரைத் தாமே ஓட்டித் தரையிலிருந்து சிறிது எழும்பிக் காட்டினார். கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தபடியால் அதிக உயரம் போகவில்லை. இன்று ராட்சதன் மாதிரி வருகிற பேவ் லோவும் இந்த மனிதர் ஆரம்பித்த கம்பெனியில் பிறந்ததுதான்.

ஆகாய விமானம் போகும் வேகத்தில் ஹெலிகாப்டர் போகாது; அவ்வளவு தூரமும் போகாது. பின்னே எதற்கு இவ்வளவு பாடு? விமானத்துக்கு இறங்க நீளமான ஓடுபாதை வேண்டும். ஹெலிகாப்டருக்கு ஒரு களத்துமேடு போதும். அதுகூட இல்லாவிட்டால் அந்தரத்திலேயே நிற்கும். வேறு எதுவும் போக முடியாத இடத்தில் மாட்டிக்கொண்ட மனிதனைத் தூக்கி வருவதற்கு இதைவிட நல்ல வாகனம் கிடையாது.

இதை முதல் முதலாக யுத்தகளத்தில் செய்து காட்டியது நமக்கு ரொம்ப தூரத்தில் அல்ல; பக்கத்துப் பர்மாவில். 1944 ஏப்ரல் மாதம். ஜப்பானியருக்குப் பின்புறமாகக் காட்டுக்குள்ளே ஒரு சின்ன அமெரிக்க விமானம் விழுந்துவிட்டது. அதில் ஒரு விமானியும், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களை மீட்க, அஸ்ஸாமிலிருந்து கார்ட்டர் ஹார்மன் என்ற இளைஞர் ஸிகோர்ஸ்கியின் ஹெலிகாப்டரை ஓட்டி வந்தார். பர்மா வெயிலில் அந்த வண்டிக்கு மூச்சு வாங்கியது. ஓட்டுகிறவரைத் தவிர ஒரே ஒரு ஆளைத்தான் தூக்க முடிந்தது. ஆகவே ஏப்ரல் 25-ஆம் தேதி இரண்டு தடவை; மறுநாள் இரண்டு தடவை. நான்கு பேருக்கு நான்கு பயணம். இடையில் இயந்திரம் கொதித்துப்போனதால் ஓர் இரவு ஆற்று மணலிலேயே கழிந்தது. ஆனால் நான்கு பேரும் திரும்பி வந்தார்கள்.

இந்த ஹார்மன் பிற்பாடு என்ன ஆனார் தெரியுமா? 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் சங்கீத விமரிசகர் ஆனார்! நாலு பேர் உயிரைக் காப்பாற்றிய புண்ணியத்துக்கு இப்படி நாலாயிரம் கச்சேரி கேட்கும்படி ஆயிற்றே என்று சிலர் பரிதாபப்படலாம். என் அபிப்பிராயத்தை நான் சொல்லப் போவதில்லை.

அடுத்த வருஷம் நவம்பர் 29-ஆம் தேதி, அமெரிக்காவில் கனெக்டிகட் கடற்கரையோரம் ஒரு புயல். எண்ணெய் ஏற்றிய தட்டைப் படகு ஒன்று கரையோரப் பாறையில் மாட்டிக்கொண்டது. அதில் இரண்டு பேர். படகு உடைகிறது, வேறு எந்தப் படகும் பக்கத்தில் போக முடியவில்லை. ஸிகோர்ஸ்கியின் மருமான் ஜிம்மி வைனர் ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு போய் மேலே நிறுத்தினார். கயிறு இறங்கியது. இரண்டு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தார்கள். ஹெலிகாப்டரிலிருந்து இயந்திரக் கயிறு இறக்கி மனிதரை மீட்டது அதுதான் முதல் தடவை.

ஆக, ஸிகோர்ஸ்கியின் ஹெலிகாப்டருக்கு ஏழு வயது ஆவதற்குள்ளேயே கதவின் உபயோகம் என்ன என்பது தெரிந்துபோயிற்று. உள்ளே வர முடியாதவனை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் கதவு.

* * *

"அதெல்லாம் சரி, துப்பாக்கி எப்படி வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. துப்பாக்கியும் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது!

வியட்நாம் யுத்தத்தை நினைத்துப் பாருங்கள். விமானம் அடிபட்டு விழுகிறது. விமானி பாரசூட்டில் குதித்துக் காட்டில் இறங்குகிறான். அவன் இறங்கியதை எதிரியும் பார்த்திருக்கிறான். பிடிக்க வருகிறான். இன்னும் தந்திரசாலியாக இருந்தால் பிடிக்காமலே சுற்றி ஒளிந்துகொள்கிறான். ஏன்? இந்த ஒருவனைத் தேடி ஒரு ஹெலிகாப்டர் வரும்; அது மரங்களுக்கு மேலே அசையாமல் நின்று கயிறு இறக்க வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டரைவிடச் சுலபமான குறி உலகத்தில் உண்டா?

அதனால்தான் மீட்க வரும் ஹெலிகாப்டருக்கே துப்பாக்கி வைத்தார்கள். 1967-ல் வியட்நாமுக்கு வந்த ஹெச்.ஹெச்.-53 என்ற பெரிய ஹெலிகாப்டர் அப்படிப்பட்டது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தோட்டாக்களைக் கக்கும் சுழல் துப்பாக்கிகள் அதில் இருந்தன. ஆகாயத்தில் பறந்தபடியே வேறொரு விமானத்திடமிருந்து பெட்ரோல் வாங்கிக்கொள்ளவும் வசதி உண்டு. பச்சை வர்ணமும் பெரிய உருவமுமாக இருந்ததால் சிப்பாய்கள் அதற்கு 'ஸூப்பர் ஜாலி க்ரீன் ஜயண்ட்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். குதூகலமான பச்சை ராட்சதன்! காட்டில் ஒளிந்து பசியும் பயமுமாகக் கிடக்கிறவனுக்கு அந்த ராட்சதனின் சத்தத்தைவிட இனிமையான சங்கீதம் இருந்திருக்க முடியாது.

கயிற்றில் தொங்கிக்கொண்டு கீழே இறங்குகிற வீரர்கள் தனி ஜாதி. அவர்கள் வைத்திய முறையும் தெரிந்தவர்கள், சண்டையும் தெரிந்தவர்கள். பிறர் பிழைப்பதற்காகத் தாங்கள் அபாயத்தில் இறங்குவது என்பதுதான் அவர்களுடைய தாரக மந்திரம். காயம்பட்டவனைக் கயிற்றில் கட்டி முதலில் மேலே அனுப்பிவிட்டுத் தாங்கள் கீழே காத்திருந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

இவ்வளவு பலம் இருந்தும் இந்த ராட்சதனுக்கு ஒரு குறை. இருட்டினால் கண் தெரியாது. மலையும் மரமும் தெரியாமல் ராத்திரியில் தாழப் பறக்க முடியுமா? சாயங்காலம் விழுந்த விமானி மறுநாள் விடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த ஓர் இரவில் எத்தனையோ நடந்துவிடும்.

இந்தக் குறையைத் தீர்க்கச் செய்த ஏற்பாட்டுக்குத்தான் 'பேவ் லோ' என்று பெயர். தரையின் மேடுபள்ளத்தைக் காட்டும் ராடார், இருட்டிலும் உஷ்ணத்தை வைத்துப் பார்க்கும் கண், வழி தவறாமல் காட்டும் கருவிகள், இவற்றையெல்லாம் பழைய ராட்சதனுக்குப் பொருத்தினார்கள். 1979, 1980 வாக்கில் அவை தயாராகி வந்தன. அமாவாசை இருட்டிலும் சுமார் நூறு அடி உயரத்தில் மலைச்சரிவை ஒட்டிப் பறக்கும் சக்தி வந்துவிட்டது. மேலே சுழலும் இறக்கைகளின் வட்டத்துக்குக் குறுக்களவு 72 அடி. நம் தெருவில் எதிரெதிர் வீடுகளின் கூரைகளை ஒரே சமயத்தில் தொட்டுவிடும். ஓட்டுகிறவர்கள் இருவர், இயந்திர நிபுணர்கள் இருவர், துப்பாக்கிக்காரர்கள் இருவர், ஆக ஆறு பேர் சிப்பந்திகள். அவர்களைத் தவிர 37 சிப்பாய்கள் உட்காரலாம். அல்லது காயம்பட்டவர்களைப் படுக்க வைத்து வரலாம்.

என் பேரன் அதன் துப்பாக்கிகளைச் சரியாக எண்ணி வைத்திருக்கிறான். இந்த 37 இடங்களைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டத்தில் அது வேண்டியிருக்கவில்லை.

* * *

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பேவ் லோ ஓர் ஆம்புலன்ஸ் வண்டி, பாவம், விளையாட்டுக்காரர்கள் அதன் பேரைக் கெடுத்துவிட்டார்கள்" என்று நினைத்துவிடாதீர்கள். உண்மை அவ்வளவு சுலபமாக இல்லை.

1980 ஏப்ரலில், ஈரானில் பிடித்து வைக்கப்பட்டிருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்களை மீட்க எட்டு ஹெலிகாப்டர்கள் புறப்பட்டன. அவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் பேவ் லோவின் இருட்டுக் கண் அவற்றுக்கு இல்லை. வழியில் புழுதிப் புயல். எட்டில் ஐந்துதான் உபயோகத்துக்கு மிஞ்சின. ஆறாவது இல்லாமல் போக முடியாது என்று திரும்பப் புறப்பட்டபோது ஒரு ஹெலிகாப்டர் தன் பக்கத்திலிருந்த விமானத்தின்மேல் மோதியது. எட்டு பேர் இறந்தார்கள். ஒருவரையும் மீட்க முடியவில்லை.

அடுத்த மாதமே பேவ் லோக்களை மீட்புப் படையிடமிருந்து வாங்கி, விசேஷ யுத்தப் படையிடம் கொடுத்துவிட்டார்கள். அதுமுதல் அதன் கதவு வழியாக இரண்டு விதமான மனிதர்களும் போய் வந்தார்கள். காப்பாற்றப்படுகிறவர்களும் ஏறினார்கள், சண்டைக்குப் போகிறவர்களும் இறங்கினார்கள்.

1991-ஆம் வருஷம் வளைகுடா யுத்தத்தைப் பாருங்கள். ஜனவரி 17-ஆம் தேதி விடியற்காலை, பேவ் லோக்கள் இருட்டில் வழிகாட்டி அழைத்துப் போக, அப்பாச்சி ஹெலிகாப்டர்கள் இராக்கின் இரண்டு ராடார் நிலையங்களை அழித்தன. அந்தப் பெரிய யுத்தமே அங்கேதான் தொடங்கிற்று. நான்கு நாள் கழித்து, 21-ஆம் தேதி, டெவன் ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை விமானியின் விமானம் இராக் பாலைவனத்தில் அடிபட்டு விழுந்தது. அவர் கையிலிருந்த கத்தியால் மண்ணைத் தோண்டிக் குழி பறித்து அதில் ஒளிந்துகொண்டார். பல மணி நேரம் கழித்து, பட்டப் பகலில், ஒரு பேவ் லோ அவரைத் தேடிக்கொண்டு வந்தது. அதே சமயம் ஓர் இராக்கிய ராணுவ லாரியும் அவர் இருந்த பக்கமாக வந்தது. காவலுக்கு வந்த விமானங்கள் அந்த லாரியைச் சுட்டு அழித்தன. ஹெலிகாப்டர் இறங்கியது, ஜோன்ஸ் ஏறினார், தப்பினார்.

அவரோடு அதே விமானத்தில் இருந்த சகா வேறிடத்தில் விழுந்து கைதியானார். அந்த லாரியில் வந்தவர்களுக்கும் எங்கோ ஓர் ஊரில் வீடு இருந்திருக்கும். வாசலைப் பார்த்துக்கொண்டு யாரோ காத்திருந்திருப்பார்கள். ஒருவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த அதே மணி நேரத்தில் வேறு சிலர் வீடு திரும்பாமல் போனார்கள். யுத்தத்தில் கருணைகூடக் கை சுத்தமாக வருவதில்லை. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு அழகான கதை சொல்ல எனக்கு மனமில்லை.

* * *

பேவ் லோக்களில் ஒன்றை அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில், விமானப்படை மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் சரித்திரம் விசேஷமானது.

1970 நவம்பர் 21-ஆம் தேதி பின்னிரவு. வட வியட்நாமில் ஹனாய் நகரத்துக்கு மேற்கே ஸோன் டே என்ற இடத்தில் ஒரு சிறை. அதில் அமெரிக்கக் கைதிகள் பல பேர் இருப்பதாகச் செய்தி. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, தாய்லாந்திலிருந்து ஆறு ஹெலிகாப்டர்கள் 56 வீரர்களோடு போயின. மியூசியத்தில் இருப்பது அந்த ஆறில் ஒன்று. பெரும்பாலும் திட்டப்படியே நடந்தது. சிறைக்குள் புகுந்தார்கள். ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்தார்கள்.

ஒருவரும் இல்லை! ஜூலை மாதமே கைதிகளை வேறு சிறைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

போனவர்கள் எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். கொண்டு வரப் போன ஆட்களுக்காக விட்டிருந்த இடங்கள் மட்டும் காலியாகவே திரும்பின. தோல்விதான். ஆனாலும் தங்களைத் தேடி வந்தார்கள் என்ற செய்தி பிற்பாடு சிறைகளில் இருந்த கைதிகளுக்கு எட்டியபோது, நம்மை யாரும் மறக்கவில்லை என்று அவர்கள் தைரியம் கொண்டார்கள். காலியாகத் திரும்பிய ஹெலிகாப்டர்கூட ஒரு காரியம் செய்துவிட்டது.

அந்த வண்டிக்குப் பின்னால் பேவ் லோவின் இருட்டுக் கண்ணைப் பொருத்தினார்கள். 2008 மார்ச் 28-ஆம் தேதி இராக்கில் அது தன் கடைசிப் பயணத்தை முடித்தது. ஸோன் டேயிலிருந்து கணக்கிட்டால் 37 வருஷத்துக்கு மேல் உழைப்பு! நம்மில் பலர் அதற்குள் பென்ஷன் வாங்கிவிடுவோம். இதற்கு நடுவே 2005-ல் கத்ரீனா புயல் அடித்து நியூ ஆர்லியன்ஸ் நகரம் தண்ணீரில் மிதந்தபோதும் பேவ் லோக்கள் போய் மக்களை ஏற்றி வந்தன. 2008 செப்டம்பரில் அந்த ரகமே முழுக்க ஓய்வு பெற்றது.

ஓய்வு பெற்று ஒரு வருஷமும் சில வாரங்களும் ஆனபின்தான் அந்த வீடியோ விளையாட்டு கடைக்கு வந்தது. நிஜமான ஆகாயத்தில் பறப்பதை நிறுத்திய பிறகு, அது வீட்டுக்கு வீடு கூடத்தில் பறக்கத் தொடங்கியது. துப்பாக்கி பத்திரமாக வந்து சேர்ந்தது. என் பேரன் ஆடும் ஆட்டத்தில் இறங்கும் வழக்கமும், ஏற்றிக்கொள்ளும் வழக்கமும் வழியில் எங்கோ தொலைந்து போயின.

* * *

இவ்வளவையும் பேரனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். நல்ல பையன். கடைசியில், "தாத்தா, அது விளையாட்டுதானே? நீங்க சதுரங்கத்தில் என் யானையை வெட்டும்போது அழறீங்களா?" என்றான்.

வாஸ்தவம். அழுததில்லை. ரொம்பச் சந்தோஷமாகத்தான் வெட்டியிருக்கிறேன். ஆனால் சதுரங்க யானையைப் பார்த்து, 'யானை என்பது இதுதான்' என்று எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை. அது மரக்கட்டை என்பது பார்த்தாலே தெரிகிறது. இந்த ஹெலிகாப்டரோ ஆணி, வர்ணம், சத்தம் எல்லாவற்றிலும் நிஜம் மாதிரியே இருக்கிறது. அவ்வளவு நிஜத்தையும் காட்டிவிட்டு ஒரே ஒரு நிஜத்தை விட்டுவிட்டால், விட்டுப்போனது ஒன்று உண்டு என்பதே பார்க்கிறவருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. எனக்குத் தெரியாமல்தானே போயிற்று?

"சரி தாத்தா, ஆளை ஏத்திக்கிட்டுப் போறதையெல்லாம் ஆட்டமா வெச்சா யார் ஆடுவாங்க?" என்றான் மறுபடி.

அங்கேதான் பையனை மடக்கினேன். ஏனென்றால் அப்படி ஓர் ஆட்டம் அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே வந்திருக்கிறது. பெயர் 'சாப்லிஃப்டர்'. 1982-ல் டான் கார்லின் என்பவர் செய்தது. படம் என்னவோ குழந்தை கிறுக்கியது மாதிரிதான் இருக்கும். அதிலும் ஹெலிகாப்டர் உண்டு, துப்பாக்கி உண்டு, எதிரி டாங்கிகள் உண்டு. ஆனால் கைதிகளாக மாட்டிக்கொண்ட 64 பேரும் உண்டு. ஆட்டக்காரன் கீழே இறங்கியே ஆக வேண்டும். ஒரு தடவைக்கு 16 பேர்தான் ஏறலாம். அவசரப்பட்டு அவர்கள் தலையிலேயே இறங்கினால் நசுங்கிவிடுவார்கள். கண்டபடி சுட்டால் நம் குண்டே அவர்கள்மேல் விழும். திரையில் மூன்றே கணக்கு: இறந்த கைதிகள் எத்தனை, ஏறியவர்கள் எத்தனை, வீடு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை. எத்தனை எதிரிகளைச் சுட்டோம் என்பதற்கு அங்கே கணக்கே கிடையாது!

யார் ஆடுவார்கள் என்றானே? அந்த ஆட்டம் சக்கைப்போடு போட்டது. வீட்டுக் கம்ப்யூட்டருக்காகச் செய்ததை, காசு போட்டு ஆடும் கடைகளுக்கென்று 1985-ல் ஸேகா கம்பெனி தனி இயந்திரமாகவே கொண்டுவந்தது. மனிதரைக் காப்பாற்றுவதிலும் விறுவிறுப்பு உண்டு என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பேரன் ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ஆட்டம் இப்போ கிடைக்குமா, பார்க்கிறேன்" என்று மட்டும் முணுமுணுத்தான். தாத்தாக்களுக்கு அது பெரிய வெற்றி.

* * *

இன்னொரு விஷயத்தையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன். அமெரிக்காவில் அந்த யுத்த விளையாட்டின் பெட்டிமேல், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு என்று அடையாளம் போட்டிருக்கிறார்கள். பேரனுக்குச் சரி. அவன் தோளில் முகவாயை வைத்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுக்கு? அதை நான் இத்தனை மாதமாகக் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்பதுகூடப் பொய். அவள் அங்கே உட்கார்ந்திருந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குத் தூக்கம் வருகிறது. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். என் மருமகள் இதைப்பற்றி முன்பே ஒரு தடவை, "மாமா, அவ பார்க்க வேண்டாமே" என்றாள். "பார்த்தால் என்னம்மா, பொம்மைதானே" என்று பதில் சொன்னவன் நான்தான். இப்போது மருமகளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. பேத்தி பாட்டுக் கிளாஸுக்குப் போகும் நேரத்தில் பேரன் யுத்தத்தை வைத்துக்கொள்வது என்று சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இந்த யுத்தம் நடக்கலாம். பெட்டியைத் தூக்கிப் பரணில் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போட்டால் அடுத்த வீட்டுக்குப் போய் ஆடுவார்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். சிறியவர்கள் இருந்தால் அவர்களை வேறு வேலைக்கு அனுப்புங்கள். பெரிய பையனிடம் என் பேத்தி கேட்டதையே நீங்களும் கேளுங்கள்: "இது எப்போது இறங்கும்? யார் ஏறுவார்கள்?" அவனுக்குப் பதில் தெரியாவிட்டால் நல்லது. இரண்டு பேருமாகத் தேடலாம். எனக்கும் என் பேரனுக்கும் அந்த ஒரு வாரம் நடந்த பேச்சு, அதற்கு முன் ஒரு வருஷத்தில் நடக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பேத்தி ஒரு படம் வரைந்து கொண்டுவந்து காட்டினாள். பெரிய பச்சை ஹெலிகாப்டர். அதில் பாதி இடத்தைக் கதவே அடைத்துக்கொண்டிருந்தது. கதவிலிருந்து ஒரு நூலேணி. ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு முகம். ஒரு முகத்தில் மூக்குக் கண்ணாடி.

"இது யாரம்மா?" என்றேன்.

"நீங்கதான் தாத்தா. உங்களைக் காப்பாத்திக் கூட்டிக்கிட்டுப் போறாங்க."

எதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. சமையலறைப் பக்கமிருந்து என் சம்சாரம் வரும் காலடிச் சத்தம் கேட்டது.

படத்தின் வால் பக்கத்தில் சின்னதாக ஒரு துப்பாக்கியும் இருந்தது. "இது எதற்கு? வேண்டாமே" என்றேன்.

அவள் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வேணும் தாத்தா. எல்லாரும் ஏறி முடிக்கிற வரைக்கும் யாராவது பார்த்துக்கணும் இல்லையா?"